ஒரே தண்ணீர், இரண்டு பாடு

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கோடு இருக்கிறது. தரையிலிருந்து மூன்று சாண் உயரம். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் ஏறிய தண்ணீர், மூன்று நாள் நின்று வடிந்தபோது விட்டுப்போன சேற்றுக் கோடு. இரண்டு முறை வெள்ளையடித்துவிட்டேன். ஆனாலும் ஐப்பசி ஈரம் ஏறினால் மங்கலாக வெளியே வந்துவிடும். நான் படுக்கிற அறையில் தொடங்கி, நடுச்சுவரைக் கடந்து, வாடகைக்கு விட்டிருக்கும் முன்கட்டுவரை ஒரே மட்டத்தில் போகிறது. கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் ஒரு விரல் ஏற்ற இறக்கம் இருக்காது.

கோடு ஒன்றுதான். ஆனால் அந்த வெள்ளத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது வேறு, முன்கட்டில் இருப்பவளுக்குக் கிடைத்தது வேறு. என்னிடம் வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி இருந்தது. சர்வேயர் வந்து பார்த்தார், படம் எடுத்தார், விழுந்த மதிலையும் உப்பிப்போன கதவுகளையும் எரிந்துபோன ஒயரிங்கையும் கணக்கில் எடுத்தார். இரண்டரை மாதத்தில் 71,000 ரூபாய் வந்தது. அவளுக்கு, பொன்னேரி வட்டத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் அரசு கொடுத்த நிவாரணம் 6,000 ரூபாய், ரேஷன் கடை வாசலில் வரிசையில் நின்று கிடைத்தது. அதையும் குறை சொல்ல மாட்டேன், அந்த வாரம் அடுப்பெரிந்தது அதனால்தான். ஆனால் அவள் இழந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். மீன் விற்கப் போகும் ஐஸ் பெட்டி, சின்ன ஃபிரிட்ஜ், தவணை முடியாத தையல் மெஷின், மகளின் ப்ளஸ் டூ புத்தகங்கள், இரண்டு மூட்டை அரிசி. புருஷனின் வலைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வலை தண்ணீருக்கென்றே பிறந்தது. தையல் மெஷினைத் திறந்தபோது மோட்டாருக்குள் இருந்த சேற்றை அவள் ஸ்பூனால் வழித்துக் கீழே போட்டாள். பிறகு அந்த ஸ்பூனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. என் அத்தா அதை அவர் காலத்தில் வேறு விதமாகக் கேட்டார். நான் என் காலத்தில் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் தபால் துறையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்தவன். கடைசியில் ஒரு துணை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டர். கடிதம், மணியார்டர் மட்டுமா தபால் வேலை? 1884 முதலே தபால் துறை ஆயுள் காப்பீடு நடத்துகிறது. 1995-ல் கிராமத்து மக்களுக்கென்று தனித் திட்டம் வந்தபோது வீடுவீடாகப் போய் அதில் ஆள் சேர்த்தேன். ஆனால் என் சொந்த வீட்டில் அத்தாவைச் சேர்க்க முடியவில்லை. ஏரியில் இறால் வாங்கிச் சென்னைக்கு அனுப்பும் வியாபாரம் அவருக்கு. தராசும் நாக்கும் நேராக இருக்க வேண்டும் என்று வாழ்ந்தவர். "நாளைக்கு என்ன நடக்கும்னு ஒருத்தன் காசு வைக்கிறான், இன்னொருத்தன் எதிர்க்காசு வைக்கிறான். இதுக்குப் பேரு பந்தயம். பந்தயம் ஹராம்டா" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஒருநாள் நான் விடவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா, கட்டாமல் நம்பட்டுமா என்று நபிகளாரிடம் ஒரு கிராமத்து அரபி கேட்டதும், கட்டிவிட்டு நம்பு என்று பதில் வந்ததும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. அதைச் சொன்னேன். அத்தா சிரிக்கவில்லை. "ஒட்டகத்தைக் கட்டுற கயிறு என் கையில இருக்கு. இன்சூரன்ஸ்ல கயிறு யார் கையில இருக்கு, சொல்லு" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று 2015-ல்தான் தெரிந்தது. வீட்டைக் கட்ட ஒரு வங்கியில் கடன் வாங்கியிருந்தேன். ஆண்டுதோறும் என் கணக்கிலிருந்து வீட்டுக் காப்பீட்டுக்கென்று ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். கடன் அந்த ஆண்டு மார்ச்சில் முடிந்தது, பத்திரத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். கடனோடு சேர்த்துக் காப்பீட்டையும் முடித்துவிட்டார்கள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. டிசம்பர் வெள்ளம் வந்தது. பாலிசி எண்ணோடு போனபோதுதான் அது ஒன்பது மாதத்துக்கு முன்பே செத்துப்போன பாலிசி என்றார்கள். கையில் கயிறு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் ஒட்டகம் இல்லை. அத்தா அப்போது மண்ணுக்குப் போய் ஆறு ஆண்டு ஆகியிருந்தது. நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அத்தாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எங்கள் ஏரியிலேயே இருந்தது. அவர் இறால் வாங்கிய அதே துறையில்.

பழவேற்காடு ஏரியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை நம் திருவள்ளூர் மாவட்டத்தில். வடக்கே காளங்கியும் தெற்கே ஆரணியாறும் நன்னீர் கொண்டுவரும், முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புநீர் கொண்டுவரும். இரண்டும் கலக்கிற இடத்தில் இறால் வளரும். எனவே ஏரி முழுக்க ஒரே மாதிரி மீன் விழாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்து நீரோட்டத்தில் வலை கட்டியவனுக்கு ஒரே இரவில் கை நிறையும். தள்ளிக் கட்டியவனுக்கு நண்டுக்காலும் பாசியும்.

நல்ல இடம் யாருக்கு? வலுத்தவனுக்கு என்றால் தினம் ஒரு கொலை விழும். முதலில் வந்தவனுக்கு என்றால் ஒருவனும் தூங்க மாட்டான். இதற்கு இந்த ஊர் மீனவர்கள் பல தலைமுறைக்கு முன்பே ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் பாடு. ஏரியில் வலை கட்டும் இடங்களைப் பிரித்து, தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று வைத்து, ஊர் கூடி, எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முறை வைப்பார்கள். சீட்டு எப்படி விழுகிறதோ அப்படித்தான் முறை தொடங்கும். ஆனால் அங்கேயே நிற்காது, சுற்றி வரும். இன்றைக்கு முகத்துவாரத்து ஓட்டத்தில் நின்றவன் நாளைக்குக் கடைசி இடத்துக்குப் போவான், கடைசியில் நின்றவன் முன்னால் வருவான். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கத்தோலிக்க மீனவர்கள் இதைப் போன்ற ஒரு சுழற்சி முறையை வைத்திருக்கிறார்கள்.

தமிழில் இந்தச் சொல்லின் ஆழத்தைப் பாருங்கள். மீன்பாடு என்றால் கிடைத்த மீன். பாடுபட்டான் என்றால் உழைத்தான், வருந்தினான். அவன் பாடு என்றால் அவனுக்கு நேர்ந்தது, அவன் தலையில் விழுந்தது. வரவு, உழைப்பு, வேதனை, விதி எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, அதையே ஏரியில் முறை வைக்கும் ஏற்பாட்டுக்கும் பெயராக வைத்த மக்களை நான் வணங்குகிறேன். அவர்கள் விதியை மறுக்கவில்லை. ஓட்டம் எங்கே இருக்கும், இறால் எந்த இரவில் ஏறும் என்பதை மேலே இருப்பவன் கையில் விட்டுவிட்டார்கள். அந்த விதி ஒரே ஆள் தலையில் உட்கார்ந்துவிடாமல் சுற்றவைப்பதை மட்டும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

காப்பீடும் அதன் நல்ல வடிவத்தில் இதுதானே! வெள்ளம் இந்த ஆண்டு எந்தத் தெருவில் ஏறும் என்று எனக்கும் தெரியாது, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியாது. ஏறாத ஆயிரம் வீட்டுக்காரர்கள் ஏறிய பத்து வீட்டைத் தூக்கி நிறுத்துகிறார்கள். அடுத்த ஆண்டு முறை மாறும். நான் கட்டிய பிரீமியம் வீணாகிவிட்டது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த ஆண்டு என் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்றால் அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பணம் அசாமிலோ கேரளத்திலோ யாருடைய சுவரையோ பூசியிருக்கும்.

இதை எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொன்னேன். வயதில் என்னைவிடச் சின்னவர், படித்தவர், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது பைத்துல்மால் பொதுநிதி மாதிரி இருந்தா யாருக்கும் மறுப்பு இல்ல. வியாபாரமா நடக்குதே, அதுல வட்டி இருக்கு, என்ன கிடைக்கும்னு தெரியாத பேரம் இருக்கு. அங்கதான் உலமாக்கள் தயங்குறாங்க" என்றார். அத்தா பந்தயம் என்று ஒரே சொல்லில் சொன்னதை அவர் விரித்துச் சொன்னார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீடு கூடாது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்று தீர்மானித்தது. அதற்கு முன்பே 1979-ல் சூடானில் அந்த முறையில் தகாஃபுல் நிறுவனம் தொடங்கிவிட்டார்கள், 1984-ல் மலேசியா தனிச் சட்டமே போட்டது. பக்கத்தில் இலங்கையிலும் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு நிறுவனம் இல்லை. இல்லாத ஊரில் என்ன செய்வது? இந்திய உலமாக்களிலும் ஒரு சாரார், கலவரத்தில் வீடும் கடையும் எரிகிற நிலைமையைப் பார்த்து, நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். வேறு சாரார் கொடுக்கவில்லை. நான் மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி உள்ளவன் அல்ல. என் மனசாட்சிக்குப் பட்டதைச் செய்தேன்: இழந்த அளவுக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்பதில்லை என்று நிய்யத் வைத்துக்கொண்டு பாலிசி எடுத்தேன்.

இந்தத் தயக்கம் எங்களுக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் வணிகக் காப்பீடு எடுப்பதில்லை. ஒருவர் களஞ்சியம் எரிந்தால் ஊரே திரண்டு கட்டிக் கொடுக்கும். 1744-ல் ஸ்காட்லாந்தில் போதகர்கள் செத்தால் விதவைகளுக்கு என்ன கதி என்று யோசித்து, சாவுக் கணக்கைப் பார்த்து ஒரு நிதி தொடங்கியவர்களும் போதகர்களே. எல்ஐசியின் சின்னத்தைக் கவனித்திருப்பீர்கள், விளக்கை அணையாமல் பொத்திப் பிடித்த இரண்டு கைகள். அதன் கீழே உள்ள வாசகம் கீதையின் 9-ஆம் அத்தியாயம் 22-ஆம் சுலோகத்திலிருந்து எடுத்தது. என்னையே நினைத்திருப்பவனின் நலத்தை நானே சுமக்கிறேன் என்று கண்ணன் சொல்லும் பொருள். கடவுள் ஏற்ற பொறுப்பை 1956-ல் ஒரு அரசு நிறுவனம் தன் வாசலில் எழுதி வைத்துக்கொண்டது. எனக்கு அதில் அகம்பாவம் தெரியவில்லை. அவன் சுமப்பது நம் கைகள் வழியாகத்தானே?

ஆங்கிலச் சட்டத்தில் வெள்ளம், புயல், இடி இவற்றுக்குக் கடவுளின் செயல் என்றே பெயர். சரக்கு ஏற்றிச் சென்றவன் அந்தப் பெயரைச் சொல்லிப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளலாம். எனக்கு இந்தப் பெயர் பிடிப்பதில்லை. மழை அவனுடையது, சரி. ஆனால் பழவேற்காட்டில் தண்ணீர் மூன்று நாள் நின்றதற்கு மழை மட்டுமா காரணம்? பிச்சாட்டூர் அணை நிறைந்து திறந்தால் ஆரணியாறு பெருகி ஆண்டார்மடம் பக்கம் ஏரியில் விழுகிறது. விழுந்த தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். அது மணல் மூடி மேடாகிப்போகிறது என்று மீனவர்கள் எத்தனை ஆண்டாக மனு கொடுத்தார்கள், எத்தனை முறை சாலையில் உட்கார்ந்தார்கள்! தூர்வாரினால் சில மாதத்தில் மறுபடி மூடும். நிரந்தரமாகக் கல் கொட்டித் தடுப்பு அமைக்கும் வேலை வெகு தாமதமாகத்தான் வந்தது. மூடிய வாயை வைத்துக்கொண்டு, தண்ணீர் வடியாததை அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்வது அவன் மேல் போடும் பழி. நாம் செய்ததை நம் கணக்கில் எழுதிவிட்டு, மிச்சத்தைத்தான் அவன் கணக்கில் எழுத வேண்டும்.

காப்பீடு புனிதமான பொருள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, கடல் நஷ்டத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக்கொடுப்பதில் கெட்டிக்காரக் கம்பெனி. அதே கம்பெனி இதே துறையிலிருந்து நம் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பியது. 1781-ல் ஸாங் என்ற ஆங்கிலேய அடிமைக் கப்பலில் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளிவிட்டு, சரக்கு நஷ்டம் என்று காப்பீட்டுப் பணம் கேட்டார்கள். கணக்கு அதே கணக்குதான். படகில் யாரை மனிதனாக ஏற்றினோம், யாரைச் சரக்காக ஏற்றினோம், யாரை ஏற்றவே இல்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாட்டைப் புகழ்ந்தேனே, அதிலும் இந்தக் கேள்வி உண்டு. பாட்டில் எல்லாருக்கும் பங்கு கிடையாது. குறிப்பிட்ட குப்பங்களின் குறிப்பிட்ட சமூகத்துத் தலைக்கட்டுகளுக்கே. தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் பெண்களுக்கு முறை இல்லை. இதனால் ஏரியில் சண்டைகள் நடந்திருக்கின்றன, இன்னும் தீரவில்லை. சுற்றிவருகிற சக்கரம் அழகானதுதான். சக்கரத்துக்கு வெளியே நிற்பவருக்கு அது வெறும் வேலி.

காப்பீட்டிலும் வேலி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். போஸ்ட்மாஸ்டராக இருந்தவன், தாளைப் படித்துச் சொல்வது என் பழக்கம்.

2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, வீடுகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டிய பாலிசி ஒன்றை வகுத்தது. பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் சேராது, 1968-ல் கொண்டுவந்த அரசுத் திட்டத்தில் தனியாக வாங்க வேண்டும், வாங்கினாலும் பொதுவாக முப்பது நாள் கழித்தே அமலுக்கு வரும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தொகை மனை விலைக்கு அல்ல, வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்கு. 800 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 1,800 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் 14,40,000. கட்டடத்தோடு வீட்டுப் பொருளையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம்வரை, அதிகபட்சம் 10 லட்சம், பொருள் பட்டியல் கொடுக்காமலே பாதுகாப்பு உண்டு. நகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். எனக்கு ஆண்டுக்கு 600 ரூபாய்க்குள்தான் ஆகிறது.

வேலி ஒன்று: வீட்டுக்காரன் பாலிசி குடியிருப்பவரின் பொருளைத் தொடாது. என் முன்கட்டில் கிடந்த ஃபிரிட்ஜும் மெஷினும் சர்வேயர் கண்ணில் பட்டன, கணக்கில் படவில்லை. ஆனால் குடியிருப்பவர் தன் பொருளுக்கு மட்டும் அதே பாலிசியை எடுக்கலாம். சொந்தச் சுவர் தேவையில்லை. இது பெரும்பாலான வாடகைக்காரர்களுக்குத் தெரியாது. எனக்குமே அப்போது தெரியாது.

வேலி இரண்டு: வீட்டுப் பொருள் வேறு, வியாபாரச் சரக்கு வேறு. என் வீட்டில் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைவார், இந்த ஊர் முஸ்லிம் பெண்கள் பலர் செய்யும் கைவேலை. சாயம் ஏற்றிய ஓலைக் கட்டுகள் தண்ணீரில் கிடந்து, சிவப்பும் பச்சையும் கலந்து கறுத்து, பூஞ்சை பூத்துப் போயிருந்தன. "இதெல்லாம் வீட்டுக்கா, விற்கவா?" என்று சர்வேயர் கேட்டார். வீட்டுக்கு என்று சொன்னால் ஒன்பதாயிரம் கூட வந்திருக்கும். "விக்கத்தான் தம்பி" என்றார் என் மனைவி. சர்வேயர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். சிறுதொழில் சரக்குக்கு சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று வேறு பாலிசி இருப்பது பிறகு தெரிந்தது.

வேலி மூன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பாலிசியில், நிலம் அமிழ்ந்து வீடு போனால் பணம் உண்டு என்று சொல்லிவிட்டு, கடலோர அரிப்பாலும் ஆற்றங்கரை அரிப்பாலும் போனால் இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. முன்கட்டில் குடியிருக்கிறாளே, அவள் ஏன் வாடகைக்கு வந்தாள்? கடலோரக் குப்பத்தில் அவள் மாமனார் கட்டிய வீட்டை, ஒரே இரவில் அல்ல, நான்கு ஆண்டில், வாசல், திண்ணை, முன்னறை என்று கடல் வரிசையாக எடுத்துக்கொண்டது. திடீரென்று வருவதற்குத்தான் காப்பீடு. நிச்சயமாக வரப்போவதை எந்த நிறுவனமும் ஏற்காது, கணக்குப்படி அதில் தவறும் இல்லை. ஓலைக் குடிசைக்கும் இதே கதி. படிவத்தில் சுவரும் கூரையும் எதனால் ஆனது என்று கேட்பார்கள், ஓலை என்றால் முகம் மாறும். மிக்ஜாமில் குடிசைக்கு அரசு கொடுத்தது 8,000 ரூபாய். அதுதான் அவர்களுக்கு உள்ள ஒரே காப்பீடு. கடல் அரிப்பால் வீடு இழப்பவர்களுக்கு அரசு தன் கடமையாக மாற்று இடமும் வீடும் தர வேண்டும். சந்தையால் சுமக்க முடியாத பாடு அது, அரசுதான் சுற்றவைக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஆவணி மாதம். வாடகை கொடுக்க வந்தவளிடம் பேச்சை எடுத்தேன். "தங்கச்சி, உன் சாமானுக்கு ஒரு பாலிசி போட்டுடலாம்மா. பணம் நான் கட்டுறேன்."

"ஓடுற தண்ணிக்கு ரசீது போட முடியுமா பாய்?" என்றாள். கங்கையம்மன் கோயிலுக்கு ஆடியில் கூழ் ஊற்றுகிறவள். "அவ குடுக்கறதும் அவ எடுக்கறதும். எடுத்துட்டுப் போயிட்டான்னு அவகிட்டப் போயி பில்லு நீட்டறதா?"

அவளிடம் ஒட்டகக் கதை சொல்லி என்ன பயன். நான் கேட்டேன்: "உங்க ஊர்ல பாட்டுக்குச் சீட்டுப் போடறாங்களே, அது அம்மன நம்பாமலா போடறாங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது ஊர்க் கணக்கு. எங்களுக்குள்ள" என்றாள்.

"இதுவும் ஊர்க் கணக்குதான். ஊரு கொஞ்சம் பெருசு. முகம் தெரியாதவங்களும் இருக்காங்க, அவ்வளவுதான்."

"அப்படின்னா என் பங்க நான்தான் கட்டணும். நீங்க கட்டினா அது எப்படி என் பாடு ஆவும்?"

அறுபத்தெட்டு வயதில் நான் கற்றுக்கொண்ட பாடம் அது. நிவாரணத்துக்குக் கை கீழே நீள்கிறது. தர்மத்துக்கும் அப்படியே. தன் பங்கைப் போட்டவள் தன் முறை வரும்போது நிமிர்ந்து நின்று கேட்பாள். இந்த ஊர் மீனவர்களுக்கு இது புதிதும் இல்லை. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவர்கள் 1,500 ரூபாய் கட்டுகிறார்கள், மத்திய மாநில அரசுகள் 3,000 சேர்க்கின்றன, மீன் குறைந்த காலத்தில் 4,500 ஆகத் திரும்ப வருகிறது. தன் பணம் அதில் இருப்பதால் அந்த வரிசையில் நிற்க அவர்கள் கூசுவதில்லை. நான் கொடுக்க நினைத்தது நல்ல எண்ணம்தான், ஆனால் அவளை ஊருக்கு வெளியே நிறுத்திக் கொடுக்கும் எண்ணம்.

இரண்டு லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு எழுதினோம். படிவத்தை அவள் மகள்தான் நிரப்பினாள். வாடகை ஒப்பந்தத்தின் நகலை நான் கொடுத்தேன், அவ்வளவுதான் என் பங்கு. ஐஸ் பெட்டி தொழிலுக்கானது என்பதால் அதைச் சேர்க்கவில்லை. மெஷினின் ரசீதையும் புது ஃபிரிட்ஜின் ரசீதையும் போனில் படம் எடுத்து மகள் வைத்துக்கொண்டாள். வெள்ளம் வந்தால் உடனே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், சர்வேயர் பார்க்கும்வரை நனைந்ததைத் தூக்கி எறியக் கூடாது, மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். அந்தத் தாளுக்குக் கீழேதான் சேற்றுக் கோடு போகிறது.

வாடகைக்கு விட்டிருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள், அது உயிரோடு இருக்கிறதா, பொருளுக்கும் சேர்த்து இருக்கிறதா என்று. பிறகு முன்கட்டுக் கதவைத் தட்டி, அவர்களிடம் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் கேளுங்கள்.